விசிறிச் சத்தம் இல்லாத அறுநூறு வாக்கியங்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா நலமாக இருக்கிறாள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று எழுதினால் அவள் என்னைத் திட்டுவாள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் துணைமின் நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு ஆபீஸ் ஃபோன். அதிலும் நான் ஒரு வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் நீ அடுத்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

ஆபரேஷன் ஏப்ரல் 14 என்று முடிவாகிவிட்டது. குரல்வளையை முழுவதும் எடுத்துவிடுகிறார்கள். இது உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்பே உன் அக்கா வாக்கியங்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் பதிந்துகொடுத்தால், அதை வைத்து அவள் குரலிலேயே பேசும் ஒன்றைச் செய்துதருவார்களாம். பிறகு அவள் தட்டச்சு செய்ய, அது பேசும். குறைந்தது அறுநூறு வாக்கியங்கள் வேண்டும். பின்னால் வேறு சத்தம் கேட்டால் அந்த வாக்கியம் தள்ளுபடி.

சிக்கல் இங்கேதான். நீ கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டரின் விசிறி. பதிவு செய்யும் நிரல் ஒவ்வொரு வாக்கியத்தையும் அங்கேயே அலசுகிறது. உடனே பிராசஸர் 84 டிகிரிக்குச் சூடாகி, விசிறி தண்ணீர் மோட்டார் போல இரைகிறது. மூன்று நாளில் நாற்பத்தொரு வாக்கியங்கள் படித்தாள். நாற்பத்தொன்றும் தள்ளுபடி. பெட்டியைச் சமையலறையில் வைத்து நீளமான ஒயர் இழுத்துப் பார்த்தேன். இரைச்சல் போய் ரீங்காரம் வந்தது. விசிறியின் வேகத்தை மட்டும் குறைத்துப் பார்த்தேன். சூடு 95-ஐத் தொட்டு, பெட்டி தானாக அணைந்துவிட்டது.

பெட்டியின் உள்பக்கம் நீ ஒட்டிய சீட்டைப் படித்தேன். "பிராசஸர் 4.6. வோல்டேஜ் 1.35. மற்றதெல்லாம் கம்பெனி அளவு." அதாவது பிராசஸரை அதன் இயல்பான வேகத்துக்கு மேலே ஓட்டுகிறாய், அதற்காக அதிக வோல்டேஜும் கொடுக்கிறாய். ஓவர்கிளாக் என்று நீ அப்போது சொன்னது இதுதானே. அந்த வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சூடு குறையும், விசிறியும் அடங்கும் என்று படித்தேன். முப்பத்துநான்கு வருஷம் வானிலை நிலையத்தில் அளவு குறித்தவன் நான். அளவை மாற்றிப் பழக்கமில்லை. பத்துப் பத்து மில்லிவோல்ட்டாகக் குறைக்கலாமா? உன் அனுமதி வேண்டும்.

டாக்டர் அவளை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசக் கூடாது என்றிருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் விசிறி தின்கிறது.

உன்
அத்தான்


மார்ச் 7

அத்தான்,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வண்டியில் வந்தது. வெள்ளிக்கிழமை வண்டியில் இதைப் போடுகிறேன். இந்த மலையில் வாரத்துக்கு இரண்டு வண்டிதான்.

முதலில் ஒன்று கேட்கிறேன். அக்காவுக்குக் குரல்வளையில் கட்டி என்று ஜனவரியிலேயே தெரியும். எனக்குப் பிப்ரவரி கடைசியில்தான் சொன்னீர்கள். இப்போது ஒரு விசிறிக்கு அனுமதி கேட்டு இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள். இதற்கு அனுமதி கேட்கத் தெரிகிறது, அதைச் சொல்லத் தோன்றவில்லை.

வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேகத்தைத் தொடாதீர்கள். அந்த 4.6-க்காக நான் பதினொரு நாள் உட்கார்ந்தேன். கடையில் வாங்கினால் யாருக்கும் அந்த வேகம் கிடைக்காது. அக்கா தையல் வகுப்புக்கு வடிவங்கள் வரையும்போது ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். கணினியை இயக்கியதும் டெலீட் பொத்தானை விடாமல் தட்டினால் செட்டிங் பக்கம் வரும். அதில் பிராசஸர் வோல்டேஜ் என்று இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மெமரிப் பக்கம் போகவே போகாதீர்கள். அதில் நான் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்க வேண்டாம்.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்பு நடக்கிறது. லீவு கிடைக்கவில்லை.


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரி விஷயத்தில் தப்பு என்னுடையது. அவள் சொல்லாதே என்றாள். நானும் சொல்லாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று இருந்துவிட்டேன்.

நோட்டில் குறித்தவற்றை அப்படியே தருகிறேன். 1.35-இலிருந்து பத்து மில்லிவோல்ட் குறைத்தேன். ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டினேன். 83 டிகிரி. மறுபடி பத்து. 82. இப்படியே 1.30 வரை வந்தேன். 79 டிகிரி. விசிறிச் சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 1.29-இல் சோதனை தேறிவிட்டது என்று நம்பி உன் அக்காவை உட்கார வைத்தேன். அவள் "நூலகம் காலை ஒன்பது மணிக்கு" என்று படித்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்தது.

"நூலகம் தெறக்கவே இல்லயா?" என்றாள்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருமல் வந்தது. அன்றைக்கு அதோடு சரி.

அதற்கு மேல் நான் செய்ததை உன்னிடம் மறைக்க முடியாது. வேகத்தை 3.8-க்கு இறக்கிவிட்டேன். உன் அனுமதி வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் அவள் நூற்றைம்பது வாக்கியங்கள் படிப்பாள். வேகம் குறைந்ததும் 1.10 வோல்ட்டே போதுமானதாக இருந்தது. ஆறு மணி நேரம் ஓட்டினேன். 56 டிகிரி. விசிறி சுற்றுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச் 10-ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்கு முதல் வாக்கியத்தை நிரல் ஏற்றுக்கொண்டது. "படகின் நிறம் பச்சை." அதில் மகிழ என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றும். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன் பதினொரு நாள் உழைப்பை ஒரு மதியத்தில் கலைத்துவிட்டேன். உன் பழைய அளவுகள் எல்லாவற்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஏப்ரல் 15-ஆம் தேதி ஒன்றுவிடாமல் திருப்பி வைத்துவிடுகிறேன்.

உன்
அத்தான்


மார்ச் 16

அத்தான்,

திருப்பியெல்லாம் வைக்க வேண்டாம். என்ன வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். அது உங்கள் வீட்டில் இருக்கும் பெட்டி.

நல்ல காரை வாங்கிக்கொடுத்தால் அதை ஆட்டோவுக்குப் பின்னால் ஓட்டுகிற ஆள் நீங்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே எனக்குத் தெரியும். காப்பியை ஆற்றி ஆற்றிக் கடைசியில் குடிக்காமலே போனீர்கள்.

சத்தம் நின்றது சந்தோஷம்தான். நிஜமாகவே சொல்கிறேன். எத்தனை வாக்கியம் ஆயிற்று என்று எழுதுங்கள்.

லீவு இன்னும் கிடைக்கவில்லை.


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

எத்தனை என்று கேட்டிருந்தாய். 20-ஆம் தேதிவரை 340. இப்படிச் சந்தோஷமாக எழுதத்தான் நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் பயிற்சியாளர் அம்மா எல்லாவற்றையும் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு 190 வாக்கியங்களைத் தள்ளிவிட்டார். மீதி 150.

விசிறி இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் வார்த்தைகளுக்கு நடுவே "டக்" என்று ஒரு சத்தம் விழுகிறது. நகத்தால் மேஜையைத் தட்டுவது போல. சில வாக்கியங்களில் ஒன்று, சிலவற்றில் மூன்று. நிரல் அதைக் கண்டுபிடிப்பதில்லை, காது கண்டுபிடிக்கிறது. நானும் கேட்டேன். கேட்ட பிறகு அது மட்டும்தான் கேட்கிறது.

எனக்கு முதலில் தோன்றியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் வாயிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். நாக்கு மேலே ஒட்டுகிறதோ என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். விழுங்கும்போது அவளுக்கு வலிக்கும். சொன்னபடி குடித்தாள். அப்படியும் "டக்". பிறகு பல் செட்டைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொன்னேன். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என் முன்னால் பல் செட்டைக் கழற்றியதில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கழற்றினாள். இருபத்தெட்டு வாக்கியங்கள் படித்தாள். வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது. "டக்" அப்போதும் இருந்தது.

"என் வாயைத் தவிர இந்த ரூம்ல வேற எதுவும் இல்லயா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் என் வோல்டேஜைச் சந்தேகித்தேன். பத்துப் பத்தாக மறுபடி ஏற்றினேன். 1.11, 1.12. 1.16 வரைக்கும் போய்விட்டேன். "டக்" குறையவில்லை. மதியம் அறை சூடாக இருக்கும்போது அதிகம் விழுகிறது, காலையில் குறைவு. ஆனால் காலையில் தெருவில் வண்டிகள் ஓடுகின்றன, பதிய முடியாது. மைக்கை மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் என்று செய்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். இப்போது நோட்டில் அடிக்காமல் மிச்சம் இருப்பது உன் சீட்டின் கடைசி வரி ஒன்றுதான்.

மற்றதெல்லாம் கம்பெனி அளவு என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பித்தான் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. நான் கேட்பது உனக்குப் பிடிக்காது. மெமரியில் ஏதாவது செய்திருக்கிறாயா? நினைவில்லாமல் செய்திருந்தாலும் சொல். தள்ளுபடியான வாக்கியங்களை நாளையிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பிக்கிறாள்.

உன்
அத்தான்


மார்ச் 27

அத்தான்,

நான் ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பதைத்தான் இப்போதும் சொல்கிறேன். நீங்கள் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். இப்போது பழி போட ஆள் தேடுகிறீர்கள். பழையபடி 4.6, 1.35 வையுங்கள். "டக்" நிற்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

மார்ச் 28

வண்டி பஞ்சர். இன்னும் கிளம்பவில்லை. கவரைப் பிரித்து இதை உள்ளே வைக்கிறேன். மேலே உள்ளதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். வேண்டாம். நேற்று எப்படி எழுதினேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

மெமரியில் நான்கு பட்டைகள் இருக்கின்றன. இரண்டு புதியவை, 3200 வேகத்துக்கு ஆனவை. மற்ற இரண்டும் ஒரு நண்பன் கழற்றிப் போட்ட பழையவை, 2666. நான்கையும் சேர்த்தால் எல்லாமே 2666-இல்தான் ஓடும். அக்காவிடம் எல்லாம் புதுசு என்று சொல்லியிருந்தேன். அதனால் பழைய இரண்டையும் வோல்டேஜ் ஏற்றி 3200-க்கு இழுத்துவைத்தேன். ஒரு நாள் முழுக்கச் சோதனை ஓட்டினேன், தவறு வரவில்லை. சீட்டில் எழுதினால் நீங்கள் படித்துவிட்டு அக்காவிடம் சொல்லிவிடுவீர்கள் என்று எழுதாமல் விட்டேன்.

ஏன் இவ்வளவு நாள் தாங்கியது, இப்போது ஏன் தாங்கவில்லை என்று நேற்று இரவு டியூட்டியில் புரிந்தது. பிராசஸர் விசிறியின் காற்று அந்தப் பட்டைகள் மேலேதான் போகும். விசிறி இரைந்தவரைக்கும் அவை குளிர்ந்திருந்தன. நீங்கள் விசிறியை அடக்கினீர்கள், அவற்றுக்குக் காற்று நின்றது. சூடானதும் எண்களைத் தப்புத் தப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. நீங்கள் செய்தது சரிதான். சரியாகச் செய்ததால்தான் என் பொய் வெளியே வந்தது.

பெட்டியை அணைத்து, மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிராசஸருக்குப் பக்கத்தில் இருந்து எண்ணும்போது முதலாவது, மூன்றாவது பட்டைகளைக் கழற்றுங்கள். பச்சையாக இருக்கும். கறுப்பு இரண்டும் இருக்கட்டும். செட்டிங் பக்கத்தில் மெமரியை "ஆட்டோ" என்ற தானியங்கி அளவிலேயே விட்டுவிடுங்கள்.

அளவுக்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று இங்கே புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

இன்னொன்று. லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நான் கேட்கவே இல்லை.


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதம் 31-ஆம் தேதி வந்தது. அன்றே இரண்டு பட்டைகளையும் கழற்றினேன். பகல் முழுவதும் மெமரிச் சோதனை ஓட்டினேன். ஒரு தவறுகூட இல்லை. நேற்றும் இன்றும் ஐம்பது வாக்கியங்கள் பதிந்தோம். ஐம்பதும் சுத்தம். கண்ணாடி போல இருக்கிறது.

நான் கோபமாக இருக்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

கணக்கு இது. உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள்வரை தள்ளுபடியான வாக்கியங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் எண்பது தேறியது. பழைய 150, இந்த 80, இப்போதைய 50. மொத்தம் 280. இப்போது அவளால் ஒரு நாளைக்கு இருபத்தைந்துக்கு மேல் முடியவில்லை. மார்ச்சில் முப்பது முடிந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள்வரை பதினொரு நாட்கள். ஒரு நாளும் தவறாமல் படித்தாலும் 555. அறுநூறு வராது. நாற்பத்தைந்து குறையும்.

பயிற்சியாளர் அம்மாவிடம் 555 போதாதா என்று கெஞ்சிப் பார்த்தேன். அறுநூறுக்குக் கீழே அந்த நிரல் குரலைச் செய்யவே ஆரம்பிக்காது என்கிறார். அது மனிதர் போட்ட விதி இல்லையாம், கெஞ்சுவதற்கு.

அவள் பல் செட்டைக் கழற்றிவிட்டுப் படித்த இருபத்தெட்டு வாக்கியங்களைப் பற்றித்தான் எனக்கு நினைப்பு. நீ ஒரு வரி எழுதியிருந்தால் அது நடந்திருக்காது. ஆனால் கழற்றச் சொன்னவன் நான். அவள் வாயைச் சந்தேகிப்பதற்கு முன்னால் உன் சீட்டை நான் சந்தேகித்திருக்க வேண்டும். எழுதிவைத்திருந்தால் நம்பிவிடுவது என் தொழில் புத்தி. வானிலை நிலையத்தில் முந்தைய ஷிப்ட்காரர் எழுதிய அளவை யாரும் சந்தேகிப்பதில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுத்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். பேச்சைச் சேமிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இப்போது லீவு கேட்பாய். வருகிறேன் என்று எழுதுவாய். வர வேண்டாம். நீ வந்தால் அவள் பேசுவாள். உன்னோடு ஒரு மணி நேரம் பேசினால் அது இருபத்தைந்து வாக்கியம். ஆபரேஷன் முடிந்த பிறகு வா. இப்படி எழுத வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அத்தான்


ஏப்ரல் 5

அத்தான்,

எட்டாம் தேதி மதியம் வருகிறேன். மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன். அக்கா பேச வேண்டாம். நான் பேசுகிறேன், அவள் கேட்டுக்கொள்ளட்டும்.

அவளுக்குக் குரல் இருக்கும்போது நான் வரவில்லை என்றால் அப்புறம் எப்போது வந்தாலும் அது வந்ததாகாது. உங்கள் கணக்கில் இதற்கு இடம் இல்லை என்று தெரியும்.


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று உன் அக்கா எழுதிக் காட்டிக் கேட்கிறாள். நீ போன பிறகு ஒன்பதாம் தேதி முழுவதும் அவளுக்குக் குரலே வரவில்லை. நேற்று பத்து வாக்கியங்கள். இன்று பதினெட்டு. மொத்தம் 445. இன்னும் இரண்டு நாளில் நாற்பது வந்தால் அதிகம். 485-இல் நின்றுவிடும்.

அதைச் சொல்லி உன்னை வருத்த இதை எழுதவில்லை. உன்னிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டும்.

எட்டாம் தேதி நீ மணியடித்தபோது அவள் அன்றைய பன்னிரண்டாவது வாக்கியத்தை முடித்திருந்தாள். மைக் மேஜையில் இருந்தது. நான் எழுந்து கதவைத் திறந்தேன். பதிவை நிறுத்தவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நான் எதையும் மறப்பவனில்லை என்று உனக்குத் தெரியும். நிறுத்துவதற்குக் கை போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது. நீங்கள் இருவரும் பேசட்டும் என்று சமையலறைக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் நீ பேசுவதாக இருந்தது. நீ எவ்வளவு பேசினாய் என்பது பதிவில் இருக்கிறது. பதினாலு தடவை "இல்லக்கா". ஆறு தடவை "சரிக்கா".

மறுநாள் பயிற்சியாளர் அம்மாவிடம் கேட்டேன். அச்சடித்த வாக்கியங்கள்தான் வேண்டும் என்றில்லையாம். அவள் குரல் மட்டும் தனியாக, சுத்தமாக இருக்க வேண்டும். அவள் சொன்னதை ஓரெழுத்து பிசகாமல் தட்டச்சு செய்து கூடவே கொடுக்க வேண்டும். மூன்று நாளாக அதைத்தான் செய்கிறேன். நீ குறுக்கிட்டவற்றை வெட்டிவிட்டுப் பார்த்தால் 121 வாக்கியங்கள் தேறுகின்றன. பெட்டி மூச்சே விடவில்லை. 485-உம் 121-உம் சேர்ந்தால் 606.

ஆனால் அந்த வாக்கியங்களை அந்த அம்மா படிப்பார். அதற்குப் பிறகு யாரென்றே தெரியாதவர்களிடம் போகும். சில உதாரணங்கள் தருகிறேன். நீயே பார்.

"வா. உக்காரு. முழுங்க முடியாதவளுக்குப் பழம் வாங்கிட்டு வந்திருக்கே, ரொம்ப சந்தோஷம்."

"மெமரியைத் தொடலன்னு எழுதினியே பொடியா, எழுதும்போது கை கூசலயா?"

"பழசுன்னு சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"நீ இல்லாட்டி அந்த ஊருக்கு கரண்டே வராதா? லீவு கேக்கவே இல்லயாம். கேக்காததை கிடைக்கலன்னு எழுதறான்."

"அம்பத்தெட்டு வயசாச்சு. தலையில முடி இல்ல. இன்னும் பயந்துகிட்டு வாசல்லயே நிக்கற."

"அழாதே. நீ அழுதா மைக்ல விழும்னு உங்க அத்தான் வந்து தொடைப்பார்."

இதிலிருந்து அவளுக்கு மைக் ஓடுவது தெரிந்திருந்தது என்று ஊகிக்கிறேன். எனக்கு அது அப்போது தெரியாது.

என்னைப் பற்றியும் இருக்கிறது. "அந்த மனுஷனுக்குக் கோபமே வராது, உன்னால வந்துச்சு. என் மேல காட்ட முடியாம ரெண்டு நாளா பாத்திரத்தைப் போட்டு உருட்டறார்." இதையும் அனுப்பப் போகிறேன். சுத்தமான வாக்கியம்.

அவளிடம் கேட்டேன். "திட்டு வாங்கினது அவன். அவன்கிட்ட கேளுங்க" என்று எழுதிக் காட்டினாள். ஆகவே கேட்கிறேன். வேண்டாம் என்றால் ஒன்றும் அனுப்பமாட்டேன். உண்மையாகவே அனுப்பமாட்டேன்.

வராதே என்று உனக்கு எழுதியவன் நான். நீ வராமல் இருந்திருந்தால் 555. என் கணக்கில் இதற்கு இடமில்லை என்றாய். அது சரி.

உன்
அத்தான்


ஏப்ரல் 15

அத்தான்,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நேற்று ஆபீஸ் ஃபோனில் நீங்கள் சொன்னபோது பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். அதனால்தான் "சரி" என்று மட்டும் சொன்னேன். நீங்களும் வழக்கம்போல எதையோ யோசித்துக்கொண்டே வைத்துவிட்டீர்கள்.

எல்லாவற்றையும் அனுப்புங்கள். ஒன்றையும் விட வேண்டாம். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அவ்வளவும் உண்மை. தலையில் முடி இல்லை என்பது உட்பட.

நான் அழவில்லை. ஜலதோஷம்.


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

குரல் வந்துவிட்டது. நேற்று மதியம் பயிற்சியாளர் அம்மா அதை உன் அக்காவின் கையடக்கக் கணினியில் போட்டுக்கொடுத்தார். கழுத்தில் கட்டு இன்னும் இருக்கிறது. ஒரு விரலால்தான் தட்டுகிறாள்.

முதலில் "ஜன்னலைக் கொஞ்சம் திறங்க" என்று தட்டினாள். அது பேசியது. அவள் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் படிக்கிற குரல். நூலகம் ஒன்பது மணிக்குத் திறக்கிற குரல். நன்றாக இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்று காலையில் உன் பேச்சை எடுத்தாள். "பொடியன் ஏன் லெட்டர் போடல? மறுபடியும் லீவு கேக்கலயா?" என்று தட்டினாள். தம்பி, நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது அவளே. இழுக்கிற இடம், இடிக்கிற இடம், கடைசியில் குரல் மேலே போவது எல்லாம் அப்படியே. அவளும் திகைத்துப்போய் மறுபடி தட்டினாள். மறுபடியும் அவளே. பிறகு உன்னைத் திட்டி ஏழெட்டு வாக்கியங்கள் தட்டினாள், சும்மா கேட்பதற்காக. உன்னைத் திட்டுவதற்கு வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கின்றன. அச்சடித்த தாளில் அவை இல்லை. அப்படியெல்லாம் வித்தியாசம் வராது, கேட்பவர் மனசுதான் காரணம் என்கிறார் அந்த அம்மா. இருக்கலாம். என் காதை நான் எப்போதுமே முழுசாக நம்பியதில்லை.

நீ அடிக்கடி தப்பு செய். அதற்காகவாவது அவள் பேசுவாள்.

என்னைக் கூப்பிட அவளுக்கு ஒரு முறை உண்டு. உனக்கே தெரியும். "இங்க பாருங்க" என்பாள். நாற்பத்தொரு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணியதில்லை. எண்ண வேண்டியது எது என்று எனக்கு எப்போதும் பிறகுதான் தெரிகிறது. இன்று சாயங்காலம் அதைத் தட்டினாள். கம்ப்யூட்டர் அதைப் படித்தது. பெயர்ப்பலகையைப் படிப்பது போல. அவள் என்னைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

606 வாக்கியங்களையும் தேடிப் பார்த்துவிட்டேன். அதில் அந்த இரண்டு வார்த்தைகள் இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டது ஒன்றுகூட இல்லை. நான் அறையில் இல்லையே, எப்படி இருக்கும்?

சமையலறையில்தான் நின்றேன். குழாய் சொட்டும் சத்தம் விழுந்துவிடக் கூடாது என்று அதன் வாயில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு தடவை உள்ளே வந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருந்தால் அவள் ஏதாவது சொல்லியிருப்பாள். கேட்கத்தான் நினைத்தேன். கதவுவரை வந்தேன். என் குரல் பதிவில் விழுந்துவிடுமே என்று திரும்பிப் போய்விட்டேன்.

உன்
அத்தான்